காந்தம் அணைவதே இல்லை: எம்ஆர்ஐ டெக்னாலஜிஸ்ட் வேலை பற்றிக் கேள்வி பதில்

கோவையில் எம்ஆர்ஐ டெக்னாலஜிஸ்டாக, அதாவது ஸ்கேன் மெஷினை இயக்கிப் படம் எடுப்பவளாக, வேலை பார்க்கிறேன். இந்த வேலை பற்றி நீங்கள் அனுப்பியவற்றில் ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சொந்த ரிப்போர்ட்டை அனுப்பி அர்த்தம் கேட்டவர்கள் மன்னிக்கவும், காரணம் கீழே வருகிறது.

அக்கா, பிளஸ் டூ பயாலஜி குரூப் படிக்கிறேன். இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?

பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி. மூன்று வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். எக்ஸ்ரே, சிடி எல்லாம் பழகித்தான் எம்ஆர்ஐக்கு வருவோம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அங்கே எம்ஆர்ஐ மெஷின் இருக்கிறதா, இன்டர்ன்களைக் கன்சோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர் முன்னால்) உட்கார விடுகிறார்களா என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள். வருடம் முழுக்க ஸ்ட்ரெச்சர் தள்ளிவிட்டு சர்டிபிகேட்டோடு வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும். இயற்பியலை மனப்பாடம் செய்து தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், இந்த மெஷினே இயற்பியல்தான்.

ரேடியேஷன் வேலை, பொண்ணுக்கு வேண்டாம் என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்ல?

எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கிடையாது. காந்தப்புலமும் ரேடியோ அலைகளும்தான். எக்ஸ்ரே, சிடி பக்கம் வேலை பார்ப்பவர்கள் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் அணிவார்கள். எம்ஆர்ஐயில் மட்டும் இருப்பவருக்கு அதற்கு வேலையில்லை. கர்ப்பமாக இருக்கும்போதும் இங்கே வேலை பார்க்கலாம், ஸ்கேன் ஓடும் நேரத்தில் மட்டும் உள்ளே நிற்காமல் பார்த்துக்கொள்வோம். ஆபத்தே இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். இங்கே இருக்கும் ஆபத்து வேறு ரகம், அடுத்த பதிலில் வருகிறது.

ஸ்கேன் ஓடாதபோது காந்தம் ஆஃபில்தானே இருக்கும்? வீல்சேரைக்கூட ஏன் உள்ளே விடுவதில்லை?

இல்லை. இரவு இரண்டு மணிக்கு, விளக்கெல்லாம் அணைத்து, யாருமே இல்லாத அறையிலும் காந்தம் முழு வலுவோடு இருக்கும், வீல்சேர் இரும்பானால் அதையும் இழுத்துவிடும். உள்ளே இருப்பது மின்கம்பிச் சுருள். திரவ ஹீலியத்தால் சுமார் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்டிருப்பதால் ஒரு முறை ஏற்றிய மின்சாரம் தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காந்த வலுவை டெஸ்லா என்ற அலகில் அளப்போம். பரவலாக இருக்கும் 1.5 டெஸ்லா மெஷின் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு.

2001இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கேனுக்குள் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன், அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் பறந்து வந்து தாக்கி இறந்தான். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் உறவினருக்காகச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நுழைந்த இளைஞர் அதோடு இழுபட்டு இறந்தார். இடையில் 16 வருடத்துக்கு மேல், காரணம் அதே மாதிரி சிலிண்டர். வாசலில் நாங்கள் முரட்டுத்தனமாகப் பேசுவதாக உங்களுக்குத் தோன்றினால், தோன்றட்டும்.

ஏதாவது ஒட்டிக்கொண்டால் உடனே அணைக்க முடியாதா?

சுவரில் 'குவென்ச்' பட்டன் இருக்கிறது. அழுத்தினால் ஹீலியம் கொதித்து வாயுவாகிக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே போகும். காந்தம் அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம். குழாயில் கோளாறு இருந்தால் வாயு அறைக்குள் நிறைந்து மூச்சு முட்டும். மறுபடி மெஷினை ஓட வைக்க நாள்களும் ஏராளமான பணமும் ஆகும். ஆகவே ஆள் சிக்கினால் மட்டும்தான் பட்டன். நாற்காலி ஒட்டிக்கொண்டால் கையை வைக்காமல் மெஷின் கம்பெனி இன்ஜினியருக்குப் போன்.

தாலியைக் கழற்றச் சொன்னதும் என் மாமியார் சண்டை போட்டுவிட்டார். தங்கம் காந்தத்தில் ஒட்டாதே மேடம்?

ஒட்டாது, நீங்கள் சொல்வது சரி. ஆனால் தங்கமும் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலையில் சூடாகலாம். கழுத்து, மார்பு ஸ்கேன் என்றால் அந்த இடத்தில் படமும் கெட்டுப்போகும். இதைவிட எனக்குப் பெரிய பயம், தாலிச்செயினில் தொங்கும் ஊக்குதான். அவசரத்துக்கு உதவும் என்று நம் வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று மாட்டியிருப்பார்கள். அது இரும்பு. "உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் யாருக்கும் ஊக்கு நினைவுக்கு வராது, "இல்லை" என்றுதான் பதில் வரும். அதனால் நான் பெயர் சொல்லிக் கேட்பேன்: ஊக்கு, ஹேர்பின், மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் கொடி, தாயத்து, பல்செட், காது மிஷின். புடவையில் ஜரிகை இருந்தால் அதையும் மாற்றி ஆஸ்பத்திரி கவுன் போடச் சொல்வோம். உங்கள் மாமியார் மாதிரி பெரியவர்களுக்கு முதலில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிவிட்டு, பிறகு செயினைக் கழற்றினால் முகம் மாறாது. அங்கிருந்த யாராவது இதைச் செய்திருக்கலாம்.

லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். முதுகு ஸ்கேனுக்குப் போனால், கண்ணில் இரும்புத்தூள் விழுந்ததுண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். முதுகுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் சார்?

(மேடம்தான், பரவாயில்லை.) முதுகுக்குத்தான் ஸ்கேன் என்றாலும் முழு உடம்பும் காந்தப்புலத்துக்குள் போகிறது. என்றோ விழுந்து கண்ணுக்குள் தங்கிவிட்ட இரும்புத் துணுக்கு அசைந்தால் பார்வை போகலாம். சந்தேகம் இருந்தால் கண் பகுதிக்கு முதலில் ஒரு எக்ஸ்ரே. கோவைப் பக்கம் லேத், கிரைண்டிங், வெல்டிங் ஆட்கள் அதிகம், கேட்காமல் விட்டால்தான் தப்பு. உங்களைத் துருவியவர் நல்ல டெக்னாலஜிஸ்ட்.

உள்ளே போனாலே மூச்சு முட்டுகிறது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

நிறையப் பேருக்கு அப்படித்தான். படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து தருவோம், அமுக்கினால் மணி அடிக்கும், நாங்கள் ஓடி வருவோம். பரிசோதித்துவிட்டுத் துணைக்கு ஒருவரை உள்ளே விடலாம். கண்ணை மூடிய பிறகு உள்ளே போவது, மூடாமல் போவதைவிட எளிது. ஒவ்வொரு சீக்வென்ஸுக்கு (ஸ்கேனின் ஒவ்வொரு சுற்றுக்கு) முன்னும் "இது நாலு நிமிஷம்" என்று மைக்கில் சொன்னால் பாதிப் பேர் அமைதியாகிவிடுகிறார்கள். தடதட சத்தம் மெஷினுக்குள் இருக்கும் கிரேடியன்ட் காயில்கள் என்ற கம்பிச் சுருள்கள் அதிர்வதால் வருவது, காதுக்குக் கட்டாயம் அடைப்பான் கேளுங்கள். கைகளைக் கோத்துக்கொள்ளாதீர்கள், கால்களைப் பின்னாதீர்கள். தோலும் தோலும் தொட்டு வளையம் உண்டானால் அந்த இடம் சுட்டுவிடலாம்.

படம் உங்கள் கண் முன்னால்தானே வருகிறது? என்ன இருக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தெரிந்தாலும் சொல்லக்கூடாது. ரிப்போர்ட் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டர், எழுதுவது. அவசரமாக ஏதாவது கண்ணில் பட்டால் அவருக்கு அப்போதே போன் போகும், அது உங்களுக்குத் தெரியாமலே நடக்கும்.

வெளிநாடு போகலாமா? ஏஐ வந்து வேலையைப் பறித்துவிடுமா?

போகலாம். பிரிட்டனில் ரேடியோகிராபராக வேலை பார்க்க எச்சிபிசி என்ற சுகாதாரப் பணியாளர் கவுன்சிலின் பதிவு கட்டாயம், அமெரிக்காவில் பெரும்பாலும் ஏஆர்ஆர்டி என்ற டெக்னாலஜிஸ்ட் பதிவு அமைப்பின் சான்றிதழ் கேட்பார்கள். ஏஐ ஏற்கெனவே வந்துவிட்டது. குறைந்த நேரத்தில் எடுத்த படத்தை அது தெளிவாக்குகிறது, அதனால் ஒரு ஷிஃப்டில் முன்பைவிட அதிகம் பேரைப் படுக்க வைக்கிறோம். ஆட்குறைப்பு எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் முதுகுவலிதான் கூடியிருக்கிறது.

அடுத்த வாரம் வேலையில் சேருகிறேன். ஒரே ஒரு டிப்ஸ்?

பாக்கெட் இல்லாத சட்டை தைத்துக்கொள்ளுங்கள். போன், சாவி, கத்தரிக்கோல், ஏடிஎம் கார்டு எல்லாம் லாக்கரில்.