கோப்பின் தலைப்பு வரிகளை முதலில் படியுங்கள்

உயிரியல் படித்துவிட்டு மரபணுத் தரவுகளோடு வேலை செய்ய வருபவர் முதலில் எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிப்பெட் பிடித்துப் பழகிய கையோடு கணினி முன் உட்கார வைக்கப்பட்டவர் என்று உங்களை எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவன்தான். பைத்தானா, ஆர் மொழியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கையில் இருக்கும் கோப்பு மனித மரபணுத்தொகுதியின் எந்தப் பதிப்பைக் கொண்டு உருவானது என்று பார்க்கப் பழகுங்கள். பதிப்பு என்பது எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொதுவான டி.என்.ஏ. எழுத்து வரிசை, அது திருத்தப்படும்போது எழுத்துகளின் இட எண்களும் மாறிவிடும்.

முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில், கதிர் அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்களின் மாதிரிகளில் அந்நோய்க்குக் காரணமான சடுதிமாற்றத்தைக் கணினியில் உறுதிசெய்யும் வேலை எனக்குத் தரப்பட்டது. பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து அமர்வதுதான் அந்த நோயின் வேர். பழைய கட்டுரை ஒன்றிலிருந்து, 11ஆம் குரோமோசோமில் 5248232 என்ற இடத்தைக் குறித்துக்கொண்டு எங்கள் விசிஎஃப் கோப்பில் (மாதிரிகளில் காணப்பட்ட மரபணு மாற்றங்களை இட எண்ணோடு பட்டியலிடும் கோப்பு) தேடினேன். ஒரு மாதிரியில்கூட அந்த வரி இல்லை. இரத்தப் பரிசோதனையோ அத்தனை பேருக்கும் நோய் இருப்பதைத் தெளிவாகக் காட்டியிருந்தது.

டி.என்.ஏ. பிரித்தெடுத்த இளைய மாணவி குழாய்களை மாற்றி வைத்துவிட்டார் என்று நான் உறுதியாகச் சொன்னேன். இரண்டு வாரம் அவர் எல்லாவற்றையும் மறுபடியும் செய்தார். அதன் பிறகே, எப்போதும் தாண்டிப் போகும், இரட்டை ஹேஷ் குறியோடு தொடங்கும் தலைப்பு வரிகளைப் படித்தேன். 11ஆம் குரோமோசோமின் நீளம் 135086622 என்றிருந்தது. அது 2013இல் வெளிவந்த ஜிஆர்சிஎச்38 பதிப்பின் நீளம். 2009இல் வந்த 37ஆம் பதிப்பில் அது 135006516. கட்டுரையில் இருந்தது அந்தப் பழைய பதிப்பின் இட எண். புதிய பதிப்பில் நான் தேடிய எழுத்து 5227002ஆம் இடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1600 எழுத்து நீளமே உள்ள ஒரு மரபணுவை, 21230 எழுத்துகள் தள்ளி நின்று தேடியிருக்கிறேன். சரியான இடத்தில் பார்த்தபோது எல்லா மாதிரிகளிலும் அது இருந்தது. (அடினின் தைமினாக மாறியது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள், கோப்பில் தைமின் அடினினாக மாறியதாக இருக்கும். மரபணு எதிர் இழையில் உள்ளது, கோப்பு நேர் இழையையே எழுதும், அவ்வளவுதான்.)

ஒரு பதிப்பின் இட எண்ணை லிஃப்ட்ஓவர் என்ற கருவி நொடியில் இன்னொரு பதிப்புக்கு மாற்றித் தருமே என்று சிலர் சொல்லக்கூடும். தரும், ஆனால் எந்தப் பதிப்பிலிருந்து மாற்ற வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும், நான் நம்பிய கட்டுரையிலோ பதிப்பு எண்ணே இல்லை. வேதிப்பொருளின் கேட்டலாக் எண் வரை எழுதுபவர்கள் இதை விட்டுவிடுவதும், மதிப்பீட்டாளர்கள் கேட்காமல் விடுவதும் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. மரபணு மாற்றங்களுக்கான தரவுத்தளம் இந்த மாற்றத்துக்குத் தந்திருக்கும் ஆர்எஸ்334 என்ற எண்ணையாவது சேர்த்திருந்தால் போதும். இரண்டு பதிப்புகளிலும் அது அதே எழுத்தைத்தான் காட்டும்.

அந்த மாணவியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஆய்வகத்தில் இப்போது 37 அல்லது 38 என்ற எண்ணைப் பெயரில் சேர்க்காமல் எந்தக் கோப்பையும் சேமிக்கக் கூடாது. அந்த விதியை எழுதி ஒட்டியவர் அவர்தான்.