சாவ் சியாங் சீனப் பொருளாதாரத்தில் உண்மையில் என்ன மாற்றினார்? ஏன் வீழ்ந்தார்?

மாவோவுக்குப் பின் வந்த சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் சந்தைச் சீர்திருத்தத்துக்கு வழி திறந்தார். அதை நடைமுறையாக்கியவர்களில் முதன்மையானவர் சாவ் சியாங். 1975 முதல் சிச்சுவான் மாகாணக் கட்சித் தலைவராக இருந்தபோது, விளைநிலத்தைக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் முறைக்கு இடம் கொடுத்தார். அரசுக்குரிய பங்கு போக மீதி விளைச்சல் உழவருக்கே. "சோறு வேண்டுமா, சியாங்கைத் தேடு" என்று மக்கள் சொலவடையே கட்டினார்கள்.

1980-ல் பிரதமரானார். அவர் காலத்தில் வேரூன்றிய இரட்டை விலை முறைதான் கவனிக்க வேண்டியது. ஆலை, அரசுத் திட்டம் குறித்த அளவை அரசு விலைக்குத் தரவேண்டும். அதற்கு மேல் செய்வதைச் சந்தை விலைக்கு விற்கலாம். உற்பத்தி பெருகியது. ஆனால் ஓட்டையும் அதிலேயே இருந்தது: செல்வாக்குள்ள அதிகாரிகள் எஃகை மலிவான அரசு விலைக்கு வாங்கி, வெளியே கொள்ளை லாபத்துக்கு விற்றார்கள். 1988 கோடையில் விலைக் கட்டுப்பாடு நீங்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் மக்கள் வங்கிகளை முற்றுகையிட்டார்கள். கிடைத்ததையெல்லாம் வாங்கிப் பதுக்கினார்கள். அவசரப்படுத்தியது டெங், பழி சுமந்தது சாவ் என்பதே என் கணிப்பு. அப்போது சாவ் கட்சிப் பொதுச் செயலாளர்; பொருளாதாரக் கடிவாளம் அவருக்குப் பின் பிரதமரான லீ பெங் கைக்குப் போனது.

1989 மே 19 விடியற்காலையில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டுப் போராடிய மாணவர்களிடம், "தாமதமாக வந்துவிட்டோம்" என்றார். போராட்டத்தை அடக்க ராணுவச் சட்டம் கொண்டுவருவதை ஏற்க மறுத்ததால் கட்சிப் பதவி பறிபோனது. 2005 ஜனவரி 17-ல் இறக்கும்வரை வீட்டுக்காவல்தான். அஸ்தியை அடக்கம் செய்யவே 2019 அக்டோபர் ஆனது.