லாவெண்டரும் தூக்கமும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குச் சில மாதங்களாகவே சரியான தூக்கம் இல்லை. தோழி ஒருத்தி உலர்ந்த லாவெண்டர் பூ ஒரு பொட்டலம் கொடுத்தாள். ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு, நன்றாகக் கொதிக்கவைத்துக் குடித்தேன். சோப்புத் தண்ணீரைக் குடித்தது போல இருந்தது, கசப்பு வேறு. மிச்சத்தைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்தேன். சில நாட்கள் மணத்தது, பிறகு ஒன்றையும் காணோம். இந்தப் பூ உண்மையிலேயே தூக்கத்தை வரவழைக்குமா, இல்லை எல்லாம் விளம்பரமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. லாவெண்டர் என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒரே செடியின் பூ அல்ல. தேநீருக்கு உகந்தது லவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற தாவரப் பெயர் கொண்ட வகை. லாவண்டின் என்று ஒரு கலப்பினமும் உண்டு; அதில் எண்ணெய் மிக அதிகமாகக் கிடைக்கும், கற்பூர நெடியும் தூக்கலாக இருக்கும். சோப்புக்கும் சலவைப் பொருட்களுக்கும் போவது பெரும்பாலும் அந்த எண்ணெய்தான். ஆகவே உங்களுக்குச் சோப்பு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. அடுத்த முறை பொட்டலத்தில் தாவரப் பெயர் இருக்கிறதா, உண்ணத்தக்கது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அலங்காரத்துக்கென்று விற்கும் பூவில் செயற்கை வாசனையோ சாயமோ ஏற்றியிருக்கக்கூடும். அதை அடுப்படிப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

ஆனால் பூ நல்லதாகவே இருந்திருந்தாலும் நீங்கள் போட்ட போடு அதைக் கெடுத்திருக்கும். ஐரோப்பிய மருந்து முகமை சொல்லும் அளவு 150 மில்லி வெந்நீருக்கு 1 முதல் 2 கிராம். ஒரு சிறு ஸ்பூன் பூ ஏறத்தாழ ஒரு கிராம் வரும். ருசிக்காகக் குடிப்பதென்றால் அரை ஸ்பூனே எனக்குத் தாராளம். கொதிக்கவிடவே கூடாது. லாவெண்டரின் மணத்துக்குக் காரணமான லினலூல், லினலைல் அசிடேட் இரண்டும் நீராவியோடு சேர்ந்து பறந்துவிடும். அடுப்பில் கிடக்கக் கிடக்க மணம் வெளியேறும், கசப்பு உள்ளே இறங்கும். நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, பூவின் மேல் ஊற்றி, உடனே தட்டுப் போட்டு மூடுங்கள். ஐந்து நிமிடம் போதும். தட்டின் அடியில் முத்து முத்தாகத் திரண்டிருக்கும் நீரையும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுங்கள். ஆவியோடு எழுந்த மணம் அதில் இருக்கிறது. வடிகட்டினால் வெளிறிய மஞ்சள்தான் வரும். ஊதா நிறத்தை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். படங்களில் காட்டும் ஊதாத் தேநீர் படம் எடுப்பவரின் கைவண்ணமாக இருக்கலாம்.

இனி அந்த முடிப்பு. ஓர் உலர்ந்த மொட்டை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நாம் பூ என்று சொல்வதில் பெரும்பகுதி புல்லிவட்டம், அதாவது இதழைத் தாங்கும் குழல். அதன் மேல் நீளவாக்கில் வரிகள் ஓடும். வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் மயிரிழைகள் அடர்ந்திருக்கும். அவற்றுக்குள் ஒளிந்துகொண்டு மினுமினுக்கும் நுண்ணிய புள்ளிகள்தான் எண்ணெய்ச் சுரப்பிகள். சரக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சுரப்பி உடைந்தால்தான் மணம் நன்றாக வெளிப்படும். உங்கள் முடிப்பு செத்துப்போயிருக்காது, சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான். படுக்கும்போது இரண்டு விரலால் மெல்லக் கசக்கிவிடுங்கள். கசக்கியும் மணக்கவில்லை என்றால் பூவை மாற்றுங்கள். இன்னொன்று, ஒரே மணத்தில் கிடந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். சற்று நேரம் வெளியே போய்விட்டு வந்து முகர்ந்து பாருங்கள். மிச்சப் பூவை வெளிச்சமும் காற்றும் படாத புட்டியில் அடைத்து வையுங்கள். காற்றுப் பட்டால் லினலூல் ஆக்சிஜனேற்றம் அடையும், அப்படி மாறியது சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கற்பூர நெடியுள்ள வகையையும் தூக்கி எறிய வேண்டாம். கம்பளித் துணி வைக்கும் அலமாரிக்கு அதுதான் பொருத்தம்.

தூக்கம் வருமா? அதே முகமை, லேசான மன உளைச்சலுக்கும் தூக்கத்துக்கு உதவவும் லாவெண்டர் பூவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரம் நெடுங்காலப் பயன்பாடு, மருத்துவச் சோதனை அல்ல. பதற்றத்துக்காகச் சோதித்துப் பார்க்கப்பட்டது 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் அடைத்த மாத்திரை. அதன் பலனை எடுத்து உங்கள் கோப்பைத் தேநீரின் தலையில் கட்டுவது விற்பனைத் தந்திரம். என் கணிப்பில் பூவைவிட வழக்கமே அதிகம் வேலை செய்கிறது. இந்த மணத்தை உறங்கப்போகும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால், அது வந்ததும் பகல் முடிந்தது என்று உடம்பு பழகிக்கொள்ளும். அறைக்கு அறை, குளியலுக்கு, துவைக்கும் துணிக்கு என்று எங்கும் அதையே இறைத்தால் அந்த அடையாளம் போய்விடும். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை என்கிறீர்கள். அதற்குப் பார்க்க வேண்டியது மருத்துவரை, பொட்டலத்தை அல்ல.

தேநீர் போதவில்லை என்று வாசனை எண்ணெயை அதில் சொட்டுவிடாதீர்கள். அது பன்மடங்கு செறிவானது, குடிப்பதற்கானது அல்ல. தூக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இந்தத் தேநீரைத் தொட வேண்டாம். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் முடிப்பையும் எண்ணெய்ப் புட்டியையும் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். லினலூலைச் செரித்து வெளியேற்றும் வசதி அதன் ஈரலுக்குக் குறைவு.