குட்டி விமான மாதிரிகள் சேகரிக்க ஆசை. எந்த அளவில், எதிலிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். பெட்டியில் 1:500, 1:400, 1:200 என்று போட்டிருக்கிறார்களே, அதில் எதை வாங்குவது? முதலில் எந்த விமானத்தை வாங்குவது? நான் சேர்ப்பது டைகாஸ்ட், அதாவது உலோகத்தில் வார்த்து பெயின்ட் அடித்தே வரும் பயணிகள் விமானங்கள். துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட் வேறு உலகம். அதில் எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

அளவை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 1:400 என்றால் நிஜ விமானத்தில் நானூறில் ஒரு பங்கு. ஜம்போ என்று சொல்கிறோமே, அந்த போயிங் 747-400 நிஜத்தில் 70.7 மீட்டர் நீளம். 1:400-ல் அது 17.7 செ.மீ. ஏர்பஸ் ஏ320 நிஜத்தில் 37.6 மீட்டர், அதை 1:200-ல் வாங்கினால் 18.8 செ.மீ. வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் ஏ320 ஜம்போவைவிட நீளமாக நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் கவனிக்க மாட்டார்கள், உங்களுக்கு மட்டும் தினமும் கண்ணை உறுத்தும். ஒரே அளவில் சேர்த்தால்தான் தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் 72 எவ்வளவு சின்னது, ஏ380 எவ்வளவு பெரியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இந்தப் பொழுதுபோக்கில் பாதி சுகம் அதுதான்.

எது என்று கேட்டால் 1:400 என்பேன். 1:200 பார்க்க அட்டகாசமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 747-இன் இறக்கை மட்டும் முனைக்கு முனை 32 செ.மீ. சாதாரணப் புத்தக அலமாரியில் நேராக நிற்காது, கோணலாகத்தான் வைக்க வேண்டும். 1:500-ல் ஜெர்மனியின் ஹெர்பா கம்பெனி நிறைய விமானங்கள் போட்டிருக்கிறது, இடமும் குறைவாக எடுக்கும். ஆனால் அந்த அளவில் ஏடிஆர் ஐந்தரை செ.மீ.தான், அதன் புரொப்பெல்லரைத் தொடவே பயமாக இருக்கும்.

சரி, எந்த விமானம்? கடையில் பளபளவென்று தெரிவதையெல்லாம் எடுக்காதீர்கள். ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரே ஏர்லைன், அல்லது ஒரே ரகம், அல்லது நீங்கள் பயணம் செய்த விமானங்கள் மட்டும். நான் பிடித்த நூல் ஏர் இந்தியா. முக்கியமாக அதன் ஜம்போக்கள்.

அதற்குக் காரணம் ஜன்னல்கள். 1971-ல் முதல் 747 வந்தபோது, ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ராஜஸ்தான் அரண்மனை ஜன்னல் போல சிவப்பில் ஒரு வளைவு வரைந்திருந்தார்கள். 1:400-ல் ஜன்னலே ஒரு மில்லிமீட்டர்தான். அதன் மேல் அந்த வளைவு வர வேண்டும், விமானம் முழுக்க, இரண்டு பக்கமும். இதைக் கையால் வரைவதில்லை. செதுக்கிய தகட்டிலிருந்து மையை ஒரு சிலிக்கோன் திண்டு ஒற்றி எடுத்து, வளைந்த உடம்பின் மேல் அமுக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு அமுக்கு. ஏதாவது ஒரு அமுக்கு மயிரிழை நகர்ந்தாலும் வளைவு ஜன்னலை விட்டு விலகிவிடும். நல்ல மாடலா என்று பார்க்க நான் லென்ஸ் வைத்து முதலில் பார்ப்பது மூக்குப் பக்கத்து ஜன்னல்களைத்தான். உடம்பு குறுகி வளைகிற இடம் அது. பிசிறு இருந்தால் அங்கேதான் தெரியும்.

அடுத்தது, வால் பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பதிவெண். நம் நாட்டு விமானங்களுக்கு அது விடி என்று தொடங்கும். நல்ல கம்பெனிகள் பொதுவாக ஏதோ ஒரு 747 என்று செய்வதில்லை, குறிப்பிட்ட ஒரு விமானத்தைச் செய்கின்றன. அந்த எண்ணைத் தேடிப் பார்த்தால் அதன் ஜாதகமே கிடைக்கும். விடி-இபிடி என்று இருந்தால் அது 'எம்பரர் அசோகா', 1978 புத்தாண்டு இரவில் பாந்த்ரா கடலில் விழுந்தது. விடி-இஎஃப்ஓ என்றால் 1985-ல் குண்டு வெடித்துச் சிதறிய 'கனிஷ்கா'. சிலர் இவற்றை வாங்கவே மாட்டார்கள். எனக்கு அப்படி இல்லை. விழுந்த விமானமும் அது விழும்வரை ஆட்களை ஏற்றிப் பறந்ததுதானே.

1993-லிருந்து போயிங்கிடம் புதிதாக வாங்கிய ஆறு 747-400களில் ஒன்றுக்கு 'தஞ்சாவூர்' என்று பெயர், விடி-இஎஸ்என். நம் ஊர்ப் பெயர் என்பதற்காகவே அதன் மேல் எனக்கு ஒரு கண். அந்த ஆறில் இன்னொன்றான 'ஆக்ரா' 2024 ஏப்ரலில் மும்பையிலிருந்து கிளம்பிப் போய்விட்டது. இப்போது ஏர் இந்தியாவில் ஜம்போவே இல்லை. வாங்கும்போது இறக்கை நுனியையும் பாருங்கள். 747-400 ரகத்துக்கு நுனி மேல்நோக்கி மடிந்திருக்கும், பழைய 747-200 ரகத்துக்கு இருக்காது. மலிவு மாடல்களில் ஒரே மோல்டை இரண்டுக்கும் ஓட்டிவிடுவதுண்டு.

விலையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஜெட் ஒன்றுக்கு 1:400-ல் நாற்பது, ஐம்பது டாலராவது ஆகும். அதோடு முடியாது. இந்த மாதிரிகளும் சுங்கக் கணக்கில் பொம்மைகளோடுதான் வருகின்றன. பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போடும் முன் இன்றைய வரி எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். சேர்த்தவர்கள் கையை விட்டு விற்கும் பழைய மாடல்கள் பல நேரம் புதியதைவிட நல்ல பேரம்.

மிகப் பழையதாக வாங்கினால் மட்டும் கவனம். டிங்கி என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கம்பெனியின் 1930கள் விமானங்களில் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோயிருந்தால், உலோகம் உள்ளிருந்தே வீங்கி வெடித்து உதிரும். வைத்தியம் கிடையாது. ஈரக்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். சென்னை மாதிரி கடலோர ஊர் என்றால் புது மாடலுக்கும் மூடிய கண்ணாடி அலமாரியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் நல்லது. ஜன்னல் வெயில் படும் இடம் வேண்டாம், வெள்ளை பெயின்ட் மஞ்சளாகும்.

தூசி தட்டத் துணி வேண்டாம், முதுகில் இருக்கும் ஆன்டெனா துணியில் மாட்டி ஒடியும். மென்மையான மேக்கப் பிரஷ் போதும். பெட்டியையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அச்சையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டி இல்லாத மாடலைக் குறைத்துத்தான் கேட்பார்கள். பரண் இல்லாத வீடு என்றால் அந்தப் பெட்டிகளை எங்கே அடுக்குவது என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.