இத்தாலிய மறுமலர்ச்சியும் பழைய நூல்களும்: கேள்வி பதில்

14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை இத்தாலியில் பண்டைய கிரேக்க, லத்தீன் நூல்களைத் தேடிப் பிடித்துப் படித்தவர்கள் கலையையும் சிந்தனையையும் எப்படி மாற்றினார்கள் என்பது குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளும், ஐரோப்பிய வரலாற்றை நெடுங்காலம் கற்பித்த பேராசிரியை ஒருவர் அளித்த பதில்களும்.

கேள்வி: வணக்கம் அம்மா. 1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றியதும் அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் சுவடிகளோடு இத்தாலிக்கு வந்தார்கள், அதனால் மறுமலர்ச்சி பிறந்தது என்று பள்ளியில் படித்தோம். அது சரிதானா?

பதில்: வணக்கம். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்பதில்லை. வெரோனா பேராலய நூலகத்தில் ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களை இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கண்டெடுத்தது 1345-இல். அவரிடம் ஹோமரின் கிரேக்கச் சுவடி ஒன்றும் இருந்தது. கிரேக்கம் தெரியாததால் அதைப் படிக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தை அவர் கடிதங்களில் எழுதியிருக்கிறார். அந்த ஏக்கத்திற்கு விடையாக, புளோரன்ஸ் நகர அரசின் தலைமைச் செயலராக இருந்த கொலூச்சியோ சலுத்தாட்டி, மானுவேல் கிரிசொலோராஸ் என்ற கிரேக்க ஆசிரியரை அழைத்து 1397-இல் நகரத்தில் கிரேக்கம் கற்பிக்க வைத்தார். அவரிடம் பயின்ற லியோனார்தோ புரூனி பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் லத்தீனுக்குக் கொண்டுவந்தார். 1438–39-இல் கிரேக்கத் திருச்சபையையும் ரோமானியத் திருச்சபையையும் இணைப்பதற்காக இத்தாலியில் கூடிய பேரவைக்குக் கிரேக்க அறிஞர்கள் பெருந்திரளாக வந்துசென்றார்கள்.

கான்ஸ்டான்டிநோபிளின் வீழ்ச்சிக்கு முக்கியத்துவமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிரேக்க நூல்கள் அழிந்துபோகுமோ என்ற அச்சத்தில் கர்தினால் பெசாரியோன் திரட்டிய 700-க்கும் மேற்பட்ட சுவடிகளை 1468-இல் வெனிஸ் நகருக்குக் கொடையாக அளித்தார். ஆனால் வந்தவர்களை வரவேற்றுக் கேட்பதற்கு ஆசையும் பயிற்சியும் உடைய ஒரு தலைமுறை அங்கே ஏற்கெனவே உருவாகியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: அந்த நூல்கள் மடாலயங்களில் பத்திரமாக இருந்தன என்றால், அவற்றை ‘மீட்டார்கள்’ என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? துறவிகளுக்கு அவற்றின் அருமை தெரியாதா?

பதில்: மிக நியாயமான கேள்வி. இன்று நம் கையில் இருக்கும் லத்தீன் நூல்களில் பெரும்பாலானவை 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் துறவிகள் படியெடுத்ததால்தான் பிழைத்தன. அரிஸ்டாட்டிலும் மறுமலர்ச்சிக்கு முன்பே வந்துவிட்டார். அரபு மொழியிலிருந்தும் நேரடியாகக் கிரேக்கத்திலிருந்தும் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் அவரை மொழிபெயர்த்துப் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்திருந்தார்கள். ஆகவே இடைக்காலத்தை இருட்டு என்று ஒதுக்குவது அந்தப் படியெடுத்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

எனினும் ஒரு நூல் ஓரிரு மடங்களில் மட்டும் இருந்து, யாரும் அதை மேற்கோள் காட்டாமல், அடுத்த படி எடுக்காமல் போனால் அது அழிவின் விளிம்பில்தான் நிற்கிறது. போப்பின் செயலகத்தில் பணியாற்றிய பொஜ்ஜோ பிராச்சொலீனி, கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பேரவைக்காக வந்த இடத்தில் கிடைத்த ஓய்வில், 1416-இல் செயின்ட் கேலன் மடத்திற்குச் சென்றார். சொல்லாட்சி கற்பிப்பது குறித்து ரோமானிய ஆசிரியர் குவிண்டிலியன் எழுதிய நூலின் முழு வடிவம், கோபுரத்தின் அடியில் இருட்டறையில் தூசி படிந்து கிடந்ததாக அவர் நண்பருக்கு எழுதினார். அதற்கு முன் இத்தாலியர் படித்தவை அந்த நூலின் சிதைந்த படிகளே. அடுத்த ஆண்டு அவர் ஜெர்மனியின் ஒரு மடத்தில் ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நெடுங்கவிதையைக் கண்டார். உலகம் அணுக்களால் ஆனது, இறப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று பேசும் அந்தக் கவிதையைப் பிற்காலத்தில் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி தம் கையாலேயே முழுவதும் படியெடுத்தார்.

மடத்தில் ஏட்டைக் காத்தவர்களையும் அதை வெளியே கொண்டுவந்து பலர் கையில் சேர்த்தவர்களையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. பின்னவர்கள் புதிதாகச் சேர்த்தது வேறொன்று: ஒரே நூலின் பல படிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் பார்த்து, இவற்றில் எது ஆசிரியர் எழுதியது, எது இடையில் புகுந்தது என்று கேட்கும் பழக்கம். இந்தப் பழக்கம்தான் என் எல்லாப் பதில்களுக்கும் அடித்தளம்.

கேள்வி: நாம் இன்று பார்க்கும் ரோமன் எழுத்துருவும் அவர்களால் வந்தது என்கிறார்களே?

பதில்: ஆம். நெருக்கமும் கூர்மையுமான காதிக் எழுத்தை விட்டு, பழைய சுவடிகளில் கண்ட உருண்டையான, தெளிவான எழுத்தைப் பொஜ்ஜோவும் நண்பர்களும் பின்பற்றினார்கள். அதைப் பண்டைய ரோமானியரின் கையெழுத்து என்று நம்பினார்கள். உண்மையில் அது 9-ஆம் நூற்றாண்டுத் துறவிகளின் எழுத்து. அந்த நண்பர்களில் ஒருவரான நிக்கோலோ நிக்கோலியின் சாய்ந்த விரைவெழுத்தை ஒட்டியே, 1501-இல் வெனிஸ் அச்சகர் ஆல்டஸ் மனூஷியஸ் வர்ஜிலின் கவிதைகளைக் கைக்கு அடக்கமான அளவில் சாய்வெழுத்தில் அச்சிட்டார்.

கேள்வி: இலக்கணமும் பாடபேதமும் அறிஞர்களின் வேலை. அவை சமூகத்தின் சிந்தனையை மாற்றின என்பது மிகைப்படுத்தல் இல்லையா?

பதில்: இல்லை என்றே உறுதியாகக் கருதுகிறேன், ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பேரரசர் கான்ஸ்டான்டைன் மேற்கு ரோமப் பேரரசின் ஆட்சியுரிமையையே போப் சில்வெஸ்டருக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. அரசர்களுக்கு மேலான அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று போப்புகள் வாதிட்டபோது அதுவும் ஒரு சான்றாகக் காட்டப்பட்டது. 1440-இல் லத்தீன் அறிஞர் லொரென்சோ வல்லா அந்தச் சாசனத்தை வரி வரியாக எடுத்துக்கொண்டார். ரோமப் பேரரசில் இல்லாத ‘சத்ரப்’ என்ற கீழைநாட்டுப் பதவி அதில் எப்படி வந்தது? கான்ஸ்டான்டிநோபிள் நகரமே முறையாக உருவாகாத காலத்துச் சாசனம் அந்நகரை ஒரு மறைத்தலைமைப் பீடமாகக் குறிப்பிடுவது எங்ஙனம்? 4-ஆம் நூற்றாண்டு அரசவை இவ்வளவு கொச்சையான லத்தீனில் எழுதுமா? இப்படிக் கேட்டுக் கேட்டு, அது பிற்காலப் போலி என்று நிறுவினார்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மானியத் திருச்சபை அறிஞர் குசா நிக்கோலஸ் அந்தச் சாசனத்தின் மீது ஐயம் எழுப்பியிருந்தார்; வல்லாவும் அப்போது போப்புடன் பகைமை கொண்டிருந்த நேப்பிள்ஸ் அரசரின் ஆதரவில் இருந்தார். இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அவருடைய முறையின் வலிமை இவற்றால் குறைவதில்லை. மொழிக்கு வயது உண்டு, ஒவ்வொரு காலமும் தன் தடத்தை எழுத்தில் விட்டுச்செல்கிறது என்ற அறிவு கைவந்தபின், எந்த ஆவணத்தையும் ‘நீ எப்போது பிறந்தாய்’ என்று கேட்க முடிந்தது. அதே வல்லா புதிய ஏற்பாட்டின் லத்தீன் மொழிபெயர்ப்பைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு எழுதிய குறிப்புகளை, டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1504-இல் லூவேன் அருகே ஒரு மடத்தில் கண்டெடுத்து மறு ஆண்டே அச்சிட்டார். 1516-இல் எராஸ்மஸே கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தார். அந்தப் பதிப்பின் இரண்டாம் அச்சை வைத்துக்கொண்டுதான் மார்ட்டின் லூதர் ஜெர்மன் மொழிபெயர்ப்பைச் செய்தார்.

கேள்வி: அப்படியானால் இவர்கள் கிறிஸ்தவத்தைக் கைவிட்டவர்களா?

பதில்: மிகச் சிலரைத் தவிர, இல்லை. வத்திக்கான் நூலகத்திற்கு அடித்தளமிட்ட போப் ஐந்தாம் நிக்கோலஸ் இந்தக் கல்வியில் ஊறியவர்; வல்லாவையே 1448-இல் பணியில் அமர்த்தியவரும் அவர்தான்.

கேள்வி: ஓவியர்களும் சிற்பிகளும் பட்டறையில் வளர்ந்தவர்கள், பலருக்கு லத்தீன் தெரியாது. ஏடுகளில் இருந்தது அவர்கள் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பதில்: சிலரின் வாயிலாக. அவர்களில் முதன்மையானவர் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்டி. 1435-இல் ஓவியக்கலை பற்றி லத்தீனில் எழுதிய அவர், அதன் இத்தாலிய வடிவத்தைக் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கிக்குக் காணிக்கையாக்கினார். தூரத்தை வடிவியல் கணக்கோடு வரையும் முறையை முதலில் எழுத்தில் விளக்கிய நூல் அது. புருனெலெஸ்கி அதைச் செயலில் காட்டியிருந்தார், ஓவியர் மசாச்சியோ 1427 அளவில் புளோரன்சின் சாந்தா மரியா நொவெல்லா கோயில் சுவரில் வரைந்தே காட்டியிருந்தார். சுவரைக் குடைந்தது போல் உள்ளே செல்லும் அந்த ஓவிய வளைவுக்கூரையின் சதுரக் கட்டங்கள் ரோமானியக் கட்டடங்களிலிருந்து கற்றவை.

ஓவியர்கள் கவிஞர்களோடும் சொல்லறிஞர்களோடும் பழக வேண்டும் என்றும் ஆல்பெர்டி அறிவுரை கூறினார். கிரேக்க ஓவியர் அப்பெலிஸ் வரைந்த ‘அவதூறு’ என்ற ஓவியத்தை அவர் எடுத்துக்காட்டினார். அது அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. லூசியன் என்ற கிரேக்க எழுத்தாளரின் சொல்லோவியம் மட்டுமே மிஞ்சியிருந்தது. கழுதைக் காதுடைய அரசன், அவன் காதில் ஓதும் அறியாமையும் ஐயமும், ஓர் இளைஞனைத் தலைமுடியைப் பற்றி இழுத்துவரும் அவதூறு, கறுப்பு ஆடையில் கழிவிரக்கம், கடைசியில் வரும் உண்மை. இந்தச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு 1490-களில் போட்டிசெல்லி அந்த ஓவியத்தை மீண்டும் படைத்தார். இல்லாத ஓர் ஓவியத்தை ஏட்டிலிருந்து எழுப்பிய அந்தச் செயலை நான் இக்காலத்தின் மிகச் சிறந்த அடையாளமாகவே மதிக்கிறேன்.

இன்னொரு நிகழ்ச்சியும் இங்கே பொருந்தும். 1506 ஜனவரியில் ரோமின் எஸ்குவிலின் குன்றில் ஒரு திராட்சைத் தோட்டத்தின் மண்ணுக்கடியில் சிலைகள் தென்பட்டன. பார்த்துவரப் போனவர்களில் கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சங்கால்லோவும் மைக்கேலாஞ்சலோவும் இருந்தார்கள். குழிக்குள் எட்டிப் பார்த்தவுடனே, ‘இது (ரோமானிய எழுத்தாளர்) பிளினி குறிப்பிடும் லாவோகூன்’ என்று சங்கால்லோ சொல்லிவிட்டதை, சிறுவனாக உடன் சென்ற அவருடைய மகன் முதுமையில் எழுதிவைத்தார். பாம்புகள் சுற்றிய தந்தையும் இரு மகன்களுமான அச்சிலையைப் பற்றி பிளினி 1-ஆம் நூற்றாண்டில் எழுதியிருந்தார். ஒரே கல்லில் செதுக்கியது என்றும் அவர் சொல்லியிருந்தார். மைக்கேலாஞ்சலோவும் மற்றொரு சிற்பியும் இணைப்புகளைச் சோதித்துப் பார்த்து, ஒரே கல் அல்ல என்று கண்டறிந்தார்கள். நூலின் துணையால் கல்லை அடையாளம் கண்டவர்கள், அந்தக் கல்லை வைத்து நூலையே திருத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: அந்தச் சிலையின் வலக்கை பழைய படங்களில் ஒரு மாதிரியும் இப்போது வேறு மாதிரியும் இருப்பது ஏன்?

பதில்: மண்ணிலிருந்து எடுத்தபோது தந்தையின் வலக்கை இல்லை. பின்னர் மேல்நோக்கி நீட்டிய கையைச் செய்து பொருத்தினார்கள். நெடுங்காலம் உலகம் கண்டது அந்த வடிவத்தையே. 1906-இல் ரோமில் லுட்விக் போல்லாக் என்ற தொல்பொருள் அறிஞர் மடங்கிய பளிங்குக் கை ஒன்றைக் கண்டெடுத்து வத்திக்கானிடம் அளித்தார். அது அசல் என்று உறுதிசெய்யப்பட்டு 1950-களின் இறுதியில் பொருத்தப்பட்டது.

கேள்வி: பழையதைப் போற்றியவர்கள் அறிவியலுக்குத் தடையாக இருக்கவில்லையா? பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதே மருத்துவம் என்று இருந்தார்களே.

பதில்: சிலர் இருந்தார்கள், மூல ஆசிரியர் சொன்னார் என்பதையே முடிவாகக் கொண்ட பேராசிரியர்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. ஆனால் அந்தத் தடையை உடைத்தவர்களும் இதே கல்வியில் பயின்றவர்களே. கேலனின் நூல்களை லத்தீனில் பதிப்பிக்கும் பணியில் 1541-இல் பங்குகொண்ட உடற்கூறியல் அறிஞர் வெசேலியஸ், அவரை அவ்வளவு நெருக்கமாகப் படித்ததால்தான், அவர் விவரிப்பது பல இடங்களில் குரங்கு போன்ற விலங்குகளின் உடல், மனித உடல் அல்ல என்பதைக் கண்டுகொண்டார். மனிதக் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கேலன் எழுதியிருக்க, அது ஒரே எலும்பு என்று வெசேலியஸ் 1543-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அதே ஆண்டில் வெளிவந்த வானியலாளர் கோபர்நிக்கஸின் நூலுக்கும் இதே பின்னணி உண்டு. இத்தாலியில் கிரேக்கம் பயின்ற அவர், பூமி அசைகிறது என்று பண்டைய கிரேக்கர் சிலர் கருதியதைச் சிசரோவிலும் புளூட்டார்க்கிலும் படித்ததாகவும், அதனால் தாமும் அவ்வாறு எண்ணத் தொடங்கியதாகவும் போப்புக்கு எழுதிய முன்னுரையில் குறிப்பிடுகிறார். கோள்களின் கணக்கு அவருடையது. ஆனால் அவ்வாறு எண்ணிப்பார்க்கும் துணிவைப் பழைய ஏடுகள் தந்தன.

கேள்வி: பெண்களுக்கு இந்தக் கல்வி கிடைத்ததா அம்மா?

பதில்: உயர்குடிப் பெண்கள் சிலருக்குக் கிடைத்தது, அதைப் பயன்படுத்தும் களம் கிடைக்கவில்லை. புரூனி ஓர் உயர்குடிப் பெண்ணுக்கு எழுதிய கல்வித் திட்டத்தில் கவிதையும் வரலாறும் உண்டு. மேடைப்பேச்சுக்குரிய சொற்போர்க் கலை மட்டும் பெண்ணுக்கு வேண்டாம் என்கிறார். அக்கல்வியின் உயிர்நாடியே பொதுவெளியில் பேசுவதுதான் என்னும்போது, இது கதவைத் திறந்து வாசலை அடைப்பதாகும். வெரோனாவின் இசொத்தா நொகரோலா லத்தீனில் தேர்ந்தவர். புகழ்பெற்ற ஆசிரியர் குவாரினோவுக்கு அவர் கடிதம் எழுத, பதில் வராததால் ஊரே அவரை எள்ளியது. அந்த வேதனையை அவர் மறைக்காமல் மீண்டும் எழுதிய பிறகே பதில் வந்தது. பின்னர் பெயர் குறிப்பிடாத ஒருவர் அவர் ஒழுக்கத்தின் மீதே சேற்றை வாரி இறைத்தார். இத்தனைக்குப் பிறகும் 1451-இல், முதல் பாவத்தில் ஆதாமின் பங்கு பெரிதா ஏவாளின் பங்கு பெரிதா என்ற கேள்வியை எடுத்து, ஏவாளுக்காக வாதாடும் உரையாடல் ஒன்றை அவர் எழுதினார். இக்காலத்தைப் புகழும் எவரும் அவரை விட்டுவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: இவற்றுக்கும் தமிழுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் உண்டா, அல்லது நாம் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரியா?

பதில்: ஒரு குறுகிய, ஆனால் உறுதியான தொடர்பு உண்டு, அது இயேசு சபையினர் வழியாக வந்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றிக் அடிகளார், 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதியபோது, ஜோவாவ் தெ பாரோஸ் 1540-இல் லத்தீன் முறையைத் தழுவித் தம் தாய்மொழிக்கு எழுதிய இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டார். 1680-இல் மாந்துவா பகுதியில் பிறந்த வீரமாமுனிவர் படித்தது சிசரோவையும் வர்ஜிலையும் மையமாகக் கொண்ட இயேசு சபைக் கல்வி. அந்தப் பயிற்சியோடுதான் அவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே லத்தீனில் இலக்கணம் செய்தார். தேம்பாவணியின் யாப்பும் அணியும் தமிழ் மரபுக்கே உரியவை. ஆகவே இத்தாலியின் மறுமலர்ச்சி தமிழ்க் கவிதையை மாற்றியது என்று சொல்லச் சான்று இல்லை. தமிழை ஐரோப்பியர் அணுகிக் கற்ற முறையில் அதன் தடம் தெளிவாக இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே சரியானது.