மாதவிடாய் நின்ற பிறகு நடைப்பயிற்சி: வாசகியர் கேள்விகள்

வயது 54. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. தினமும் மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் ‘எட்டு’ போட்டு நடக்கிறேன். நாள் முழுக்கச் சேர்த்தும் போன் 5,000 அடிதான் காட்டுகிறது. பத்தாயிரம் வேண்டும் என்கிறாள் மகள். எடையும் இறங்கவில்லை. – வாசகி, மதுரை

பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் வகுத்த கணக்கல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்த எண் அப்படியே ஊர் சுற்றிவிட்டது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள சுமார் 16,700 பெண்களை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடியைத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் தென்படவில்லை. எண்ணிக்கை பற்றிய கவலையை விடுங்கள்.

உங்கள் சிக்கல் வேகத்தில் இருக்கிறது. சின்ன இடத்தில் எட்டு போட்டால் நாலு அடி வைப்பதற்குள் திரும்ப வேண்டும். வேகம் பிடிப்பதற்குள் வளைவு வந்துவிடும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு அந்தத் திருகல் வலியையும் கொடுக்கும். நேரான தெருவுக்கோ மைதானத்துக்கோ மாறுங்கள். 15 விநாடியில் 25 அடி விழுந்தால் நிமிடத்துக்கு 100. அது போதுமான வேகம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முழு நேரமும் அப்படி நடக்க முடியாதென்றால், மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் நிதானம் என ஐந்து சுற்று நடங்கள். வாரத்தில் நான்கு நாள் செய்தால் நல்லது. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் நடுவயதினரையும் முதியவர்களையும் வைத்துச் சோதித்த முறை இது.

எடைக்கு வருவோம். முக்கால் மணி நேர மெதுநடையில் செலவாவது ஏறக்குறைய 150 கலோரி. நடந்துவிட்டு வந்து ஒரு வடை, சர்க்கரை போட்ட ஒரு காபி என்றால் கணக்கு தீர்ந்தது.

எலும்பு அடர்த்தி குறைவு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. நடந்தால் சரியாகுமா? – வாசகி, தஞ்சாவூர்

நடை மட்டும் போதாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும் முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. பழகாத சுமை ஏறினால்தான் எலும்பு தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளும். நடையோ கால்களுக்குப் பழகிப்போன சுமை. இடுப்பெலும்புக்கு அதனால் கொஞ்சம் பலன் உண்டு, முதுகெலும்புக்கு அநேகமாக இல்லை.

வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு இவற்றைச் செய்யுங்கள்: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு 15 முறை குதிகாலை உயர்த்துவது, சுவரில் கை ஊன்றி 10 முறை தள்ளுவது. ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. நாற்காலிப் பயிற்சி 12 முறை சுலபமாக வந்துவிட்டால், இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். சுமை கூட்டாமல் வருடக்கணக்கில் அதையே செய்வதுதான் பலரும் செய்யும் தவறு.

எலும்பு மிகவும் மெலிந்திருந்தால் முதுகை வளைத்துக் குனிந்து குடம் தூக்குவது ஆபத்து. யோகா வகுப்பில் பாதத்தைத் தொடச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால், பயிற்சியைக் காரணம் காட்டி நிறுத்த வேண்டாம்.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் குதிகாலில் ஊசி குத்துகிறது. நடக்கலாமா? – வாசகி, ஈரோடு

உள்ளங்காலின் கீழுள்ள பட்டைபோன்ற திசு புண்பட்டிருக்கக்கூடும். திடீரென நடையைக் கூட்டியதும், வீட்டில் மொசைக் தரையில் வெறுங்காலோடு நிற்பதும், தேய்ந்துபோன ரப்பர் செருப்பும் வழக்கமான காரணங்கள். நடக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள். இறங்குவதற்கு முன் கால் விரல்களைக் கையால் உங்கள் பக்கம் இழுத்து 10 விநாடி வைத்திருந்து விடுங்கள், பத்து முறை. ஷூவை மாலையில் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் சற்று உப்பியிருக்கும். விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

வேகமாக நடந்தால் சிறுநீர் கசிகிறது. அதனால் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறேன். – பெயர் வேண்டாம், சேலம்

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும்; அவசரம் கூடும். காற்றை அடக்குவதுபோல அடித்தசையை உள்ளே இறுக்கி ஐந்து விநாடி, பிறகு ஐந்து விநாடி தளர்வு. பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, தொடையை இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம். மூன்று மாதம் விடாமல் செய்தும் மாற்றம் இல்லையென்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே போங்கள்.