அம்மாவுக்கு முழங்கால் வலி: கப்பலில் எந்த அறை எடுப்பது, புக்கெட்டில் இறங்கலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மே மாதக் கடைசியில் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் பேசிக்கொண்டிருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயதுப் பையன், என் அம்மா, அப்பா. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி, பஸ்ஸில் போனாலே வாந்தி. 'ராத்திரி படுக்கத்தானே ரூம், ஜன்னல் இல்லாததே போதும், நம்பர் அப்புறம் வரும்' என்கிறார் ஏஜென்ட். இரண்டு ஊரிலும் சுற்றிக்காட்ட அவரே வேன் ஏற்பாடு செய்கிறாராம், கப்பல்காரர்கள் சொல்லும் விலையில் பாதிதான், ஆனால் பணத்தை இப்போதே கட்ட வேண்டுமாம். கட்டலாமா?"

வேனுக்குக் கட்டாதீர்கள். அறைக்கும் நம்பர் தெரியாமல் கட்டாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அறை. ஜன்னல் உண்டா, பால்கனி உண்டா என்பதிலேயே எல்லோரும் நிற்கிறார்கள், ஏஜென்ட்களும் அதை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள், ஆனால் உங்கள் அம்மாவுக்கு முக்கியம் அறை கப்பலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான். பஸ்ஸில் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் தூக்கிப் போடுகிறதே, நடு சீட்டில் அவ்வளவு தெரியாதே, கப்பலும் அப்படித்தான். முன்முனையிலும் பின்முனையிலும் ஏற்ற இறக்கம் அதிகம், மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் அதிகம். நடுப்பகுதியில், பயணிகள் அறைகள் உள்ள தளங்களில் கீழே இருப்பதைக் கேளுங்கள். "ஸ்டெபிலைசர் இருக்கு மேடம், ஆடவே ஆடாது" என்பார்கள். ஸ்டெபிலைசர் என்பது கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்குள் நீட்டியிருக்கும் துடுப்பு மாதிரி. அது பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும், முன்னும் பின்னும் ஏறி இறங்குவதற்கு அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அந்த இடத்திலேயே கடல் தெரியும் ஜன்னல் உள்ள அறை கிடைத்தால் அம்மாவுக்கு அதுதான் சரி. தலைசுற்றும்போது தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் அடங்கும், நாலு பக்கமும் சுவராக இருக்கும் அறையில் அதற்கு வழியில்லை. ஆனால் உச்சித் தளத்தில் முன்முனையில் இருக்கும் பால்கனி அறையா, நடுவில் கீழே இருக்கும் ஜன்னலில்லாத அறையா என்றால், யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். ஜன்னல் அறை எடுக்கும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா? "சீ வியூ" என்று வாங்கிவிட்டு நான்கு நாளும் ஆரஞ்சுக் கலர் படகின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

"நம்பர் அப்புறம் வரும்" என்று அவர் சொல்வதற்குப் பெயர் கேரண்டி கேபின். அறையின் வகைக்கு மட்டும்தான் உறுதி, எந்த அறை என்பதைக் கடைசியில் கப்பல் நிறுவனம் தன் வசதிப்படி ஒதுக்கும். விலை குறைவு என்பது உண்மை. ஆனால் யாரும் விரும்பி எடுக்காத அறைகள்தானே கடைசியில் மிஞ்சும்! முன்முனை அறை, நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும் அறை, நாடக அரங்குக்கு மேலே உள்ள அறை, இதெல்லாம்தான். இளவட்டங்கள் எடுத்தால் பரவாயில்லை, உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். ஏஜென்ட் உங்களிடம் சாதாரண அறை விலையை வாங்கிக்கொண்டு கேரண்டியில் போட்டுவிட்டு வித்தியாசத்தைத் தன் பையில் போட்டுக்கொள்வதும் நடக்கிறது, அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி முன்பதிவுச் சீட்டில் அறை நம்பர் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். நம்பர் கையில் வந்ததும் அந்தக் கப்பலின் டெக் பிளானை, அதாவது எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை, இணையத்தில் எடுத்து, மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நிம்மதி.

ஐந்து பேருக்கு இரண்டு அறை வேண்டும். மூன்றாவது படுக்கை பல அறைகளில் கூரையிலிருந்து இறங்கும் பரண் மாதிரி, ஏணி வைத்து ஏற வேண்டும். பையன் சந்தோஷமாக ஏறுவான், அவனை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அம்மா அப்பாவுக்குத் தனி அறை. இரண்டுக்கும் நடுவில் கதவு உள்ள ஜோடி அறைகள் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். குளியலறை வாசலில் பல கப்பல்களில் உயரமான படி இருக்கும், முதல் நாளே அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள். ஏறும் நாளில் சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் நடையும் வரிசையும் நீளம், சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் எடுத்துப் போகாதீர்கள், ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வாந்திக்கு அவோமின் மாதிரி மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், அம்மா வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர் என்றால் கேட்காமல் தரவே கூடாது. அது தூக்கம் வரவைக்கும், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிதாகப் பயனிருக்காது.

இனி கரை. இங்கேதான் ஏஜென்ட் இரண்டு ஊரையும் ஒரே கட்டாகக் கட்டி விற்கிறார். இரண்டும் ஒன்றில்லை.

பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையிலேயே வந்து ஒட்டி நிற்கும். பாலத்தில் நடந்து இறங்கினால் ஜார்ஜ் டவுன். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் முழுக்க அங்கேயே இருக்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டை பக்கத்தில்தான், லிட்டில் இந்தியாவும் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலும் சற்றுத் தள்ளி நடக்கும் தூரம்தான். கோயில் 1833-இல் எழுந்தது, அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும், மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் நேரம் பார்த்துப் போங்கள். வெயில் அதிகமென்றால் கிராப் செயலியில் கார் கூப்பிடலாம், தமிழ் பேசுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள், வழி கேட்கக் கஷ்டமில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படி, அதை மட்டும் இந்த முறை விட்டுவிடுங்கள். இந்த ஊருக்கு வேனும் வேண்டாம், கப்பல்காரர்களின் டூரும் வேண்டாம். மற்ற ஊர்களில் கப்பல் டூரை எடுங்கள் என்று சொல்லும் நானே பினாங்கில் எடுக்காதீர்கள் என்கிறேன், ஏனென்றால் தவறினாலும் நடந்தே கப்பலுக்கு வந்துவிடலாம்.

புக்கெட் அப்படியில்லை. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், டெண்டர் என்னும் சிறிய படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். மே கடைசி என்றால் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியிருக்கும், பாத்தோங் மேற்குக் கரை, அலை நேராக வந்து அடிக்கும். கப்பலின் மேடையும் படகும் ஒரே மாதிரி ஆடாது, இது ஏறும்போது அது இறங்கும், அந்த இடைவெளியில் காலை எடுத்து வைக்க வேண்டும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள், ஆனாலும் முழங்கால் வலி உள்ளவருக்கு அது கடினம். அலை அதிகமானால் டெண்டரையே நிறுத்திவிடுவார்கள், ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போகவும் செய்யும். அப்போது துறைமுக வரியை மட்டும் திருப்பித் தந்துவிட்டு, பயண ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே என்பார்கள். எந்த ஊரையும் எப்போதும் தவிர்க்கலாம் என்று தங்களுக்குச் சாதகமாக எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஊரின் படத்தைப் போட்டு டிக்கெட் விற்கிறார்கள், இதைக் கேட்க ஆளில்லை. கப்பலில் வாங்கிய டூர் என்றால் அந்தப் பணமாவது முழுதாகத் திரும்பி வரும். ஏஜென்ட்டின் வேனுக்குக் கொடுத்தது போனது போனதுதான்.

கப்பல் டூர்காரர்களைத்தான் டெண்டரில் முதலில் அனுப்புவார்கள், மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும், வேன் கரையில் நின்றுகொண்டிருக்கும். பாதி விலை வேன் என்றால் நகைக்கல் கடை, முந்திரிக் கடை, தேன் கடை என்று நிறுத்தி நிறுத்தித்தான் போகும், அந்தக் கமிஷனில்தான் மீதிப் பாதி விலை வருகிறது.

நேரத்தைக் கவனியுங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், உங்கள் போன் மட்டும் கரையில் தானாக மாறிவிடும். ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கப்பலில் எழுதியிருந்தால் போனில் நான்கு மணிக்கே வந்துவிட வேண்டும். போனில் ஐந்து ஆகட்டும் என்று கடையில் நின்றால் கப்பலில் ஆறு. கப்பல் டூரில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் கப்பல் நிறுவனமே தன் செலவில் அடுத்த ஊரில் சேர்க்கும், தனி வேனில் போனவர்களுக்கு இரண்டும் கிடையாது. இறங்கும் முன் கப்பல் நேரம் எது என்று கேட்டு, ஒரு கைக்கடிகாரத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் புக்கெட்டில், அன்று காலைக் கடலைப் பார்த்துவிட்டு, அம்மாவும் அப்பாவும் கப்பலிலேயே இருக்கட்டும். பாதிப் பேர் இறங்கிய கப்பலில் கூட்டமே இருக்காது. நீங்கள் மூவரும் கப்பலில் விற்கும் அரைநாள் டூர் ஒன்றை எடுங்கள். ஸ்பீடு போட்டில் தீவுக்குப் போவது இந்தப் பருவத்தில் பையனுக்கும் வேண்டாம்.

கடைசியாக சிங்கப்பூர் விசா. புக்கெட் போய்த் திரும்பி சிங்கப்பூரில் மறுபடி நுழைகிறீர்கள், ஆகவே பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும், வந்ததும் அந்த வரியைப் படியுங்கள். இதற்கு நாமே நேராக விண்ணப்பிக்க முடியாது, அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் அல்லது சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், இந்த இடத்தில்தான் வேன், டூர், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள். விசாவை மட்டும் தனியாகச் செய்து தர மறுக்கிற ஏஜென்ட்டிடம் அறையும் எடுக்காதீர்கள். நடுப்பகுதி, கீழ்த்தளம், ஜோடி அறைகள், இரண்டின் நம்பரும் வேண்டும் என்று மெயிலில் கேளுங்கள், பதிலும் மெயிலில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். இழுத்தடித்தால் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே நீங்களே டெக் பிளானைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுக்கலாம்.